பார்ட்டியின் கையெழுத்து

ஹம்சினிக்கு முதுகில் ஊசி போட வேண்டாம் என்று ஒருத்தர்கூடச் சொல்லவில்லை. இதை முதலிலேயே சொல்லிவைத்துவிடுவது நல்லது. இல்லாவிட்டால் மாமியார் கொடுமை, அப்பாவின் அதிகாரம் என்று நீங்கள் பாட்டுக்கு எதையாவது கற்பனை பண்ணிக்கொண்டு போவீர்கள். அப்படியெல்லாம் ஒரு மண்ணும் இல்லை. எல்லாரும் நல்லவர்கள். சாதாரண நல்லவர்கள்கூட இல்லை, மரியாதை தெரிந்த நல்லவர்கள். வந்த வினையே அதுதான்.

ஹம்சினி பிறந்து வளர்ந்ததெல்லாம் கொல்கத்தா டாக்குரியாவில், ரயில்வே ஸ்டேஷனிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் ஒரு இரண்டாம் மாடி வீட்டில். அப்பா ஸ்ரீனிவாசராகவன் பாங்க் ஆபீசராக இருந்து ரிட்டயர் ஆனவர். அம்மா விஜயலக்ஷ்மி வீட்டோடு இருப்பவள். பெண்ணுக்குச் சண்டை போட வங்காளி, ஆபீசுக்கு இங்கிலீஷ், பசித்தால் மட்டும் தமிழ். காமாக் தெருவில் ஒரு மருத்துவக் காப்பீட்டு ஆபீசில் வேலை. நாள் முழுக்க ஊரார் ஆஸ்பத்திரிக் காகிதங்களைப் புரட்டி, எந்தத் தாளில் எந்த இடம் காலியாக இருக்கிறது என்று கண்டுபிடிப்பது அவள் தொழில். வயது முப்பத்தொன்று.

அவளைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியது இன்னொன்று உண்டு. பதிமூன்று வயதிலிருந்து மாதத்தில் ஒரு நாள், சில சமயம் இரண்டு நாள், அவள் ஆளே இல்லை. மொசைக் தரையில் சுருண்டு கிடப்பாள். வெந்நீர்ப் பையை வயிற்றோடு அழுத்தி அழுத்தித் தோல் பழுத்துப்போயிருக்கும். எல்லாப் பொம்மனாட்டிக்கும் உண்டானதுதான் என்பாள் விஜயலக்ஷ்மி. பன்னிரண்டாம் வகுப்பில் கெமிஸ்ட்ரி பரீட்சை எழுதும்போது மயங்கி விழுந்தாள். காலையில் ஒழுங்காகச் சாப்பிட்டிருக்க மாட்டாள் என்று ஸ்கூலில் சொல்லிவிட்டார்கள். ஆபீசில் சேர்ந்த பிறகு லீவு லெட்டரில் ஜுரம் என்று எழுதினாள். மாதம் தவறாமல் ஜுரம் வருகிற ஒரே ஆள் அந்த ஆபீசிலேயே அவள்தான். கல்யாணம் ஆனால் சரியாகிவிடும் என்றார் ஒரு டாக்டர். கல்யாணம் ஆயிற்று. குழந்தை பிறந்தால் சரியாகிவிடும் என்றார் அடுத்தவர். வலிக்கு மருந்து கேட்டுப் போனவளுக்கு மாப்பிள்ளையும் பிள்ளையும்தான் மருந்து என்று எழுதிக் கொடுக்கிற சாமர்த்தியத்தை என்ன சொல்ல!

ஆகையால் ஆறாம் மாசம் செக்கப்புக்குப் போனபோது, டாக்டரம்மா எபிட்யூரல் பற்றிப் பேச்செடுத்ததும் ஹம்சினி நிமிர்ந்து உட்கார்ந்தாள். முதுகில் ஒரு மெல்லிய குழாயைச் செருகி மருந்து விடுவார்கள். ஆள் விழித்திருப்பாள், பேசுவாள், பிள்ளையும் பெறுவாள். வலி மட்டும் பெரும்பாலும் அடங்கிப்போகும். ஹம்சினி விடவில்லை. கால் மரத்துப்போகுமா, ரத்த அழுத்தம் இறங்குமா, பிள்ளைக்கு ஏதாவது ஆகுமா, பிறகு தலைவலி வருமா என்று கேட்கவேண்டியதையெல்லாம் கேட்டாள். டாக்டரம்மாவும் எதையும் மூடி மறைக்காமல் சொன்னாள். சிலருக்குச் சரியாகப் பிடிக்காது, சிலருக்குத் தலைவலி வரும், கடைசியில் முக்குவதற்குக் கொஞ்சம் நேரம் கூடலாம். எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, உங்களுக்கு வேண்டுமா என்று கேட்டாள்.

இந்த வலி உனக்கு வேண்டுமா வேண்டாமா என்று ஹம்சினியை ஒருவர் கேட்டது அதுதான் முதல் தடவை. வலி வேண்டாம், ஊசியே போடுங்கள் என்று சொல்லிவிட்டு வந்து, காளிகாட் மெட்ரோ ப்ளாட்பாரத்தில் நின்று அழுதாள். பக்கத்தில் இருந்த வங்காளிக் கிழவர் ஒருவர், தாயே உட்கார் என்று எழுந்து இடம் கொடுத்தார். அவ்வளவு சந்தோஷம் அவளுக்கு.

வீட்டில் சொன்னபோதும் பெரிய ரகளை ஒன்றும் நடக்கவில்லை. முதுகு காலத்துக்கும் போய்விடுமாமே என்று விஜயலக்ஷ்மி இரண்டு நாள் புலம்பினாள். அடுத்த செக்கப்புக்குக் கூடவே வந்து டாக்டரம்மாவிடம் நேரில் கேட்டுத் தெளிந்துகொண்டு, உன் சௌகரியம்டி என்று சொல்லிவிட்டாள். மாமியார் கல்பனா அதற்கும் ஒரு படி மேலே. ஹவுரா பக்கம் ஒரு ஸ்கூலில் முப்பது வருஷம் கணக்கு வாத்தியார் வேலை பார்த்தவள். இருக்கிற வசதியை வேண்டாம் என்று சொல்ல நாமென்ன காட்டிலேயா இருக்கோம் என்றாள். கணவன் நரேன் இருக்கிறானே, அவன் பேச்சே தனி. உன் உடம்பு, உன் முடிவு என்றான். எங்கேயோ கேட்டுவைத்திருந்த வசனம். ஆனால் மனசாரத்தான் சொன்னான், அதைக் குறை சொல்லக்கூடாது.

ஏழாம் மாசம் மயக்க மருந்து டாக்டர் அவளைப் பரிசோதித்து, எல்லாம் சரி என்று எழுதி, சம்மதப் பத்திரத்தை நீட்டினார். ஹம்சினி தன் இடத்தில் கையெழுத்துப் போட்டாள். அதற்குக் கீழே இன்னொரு கோடு காலியாக இருந்தது. பிரசவத்தன்று பார்ட்டி போட்டால் போதும் என்றார்கள்.

பார்ட்டி என்றால் விருந்து இல்லை. கொல்கத்தாவில் ஆஸ்பத்திரிக்குப் போகிறவர் பேஷண்ட், கூட வருகிற கூட்டம் பேஷண்ட் பார்ட்டி. பேஷண்டுக்கு ஏதாவது ஆகிவிட்டால் பார்ட்டி கண்ணாடியை உடைக்கும், டாக்டரைத் துரத்தும். அந்தப் பயத்தில், பார்ட்டியைக் கேட்காமல் ஒரு துரும்பையும் நகர்த்தமாட்டார்கள் அந்த நர்ஸிங் ஹோமில். பேஷண்டுக்குப் பதினெட்டு வயது தாண்டி புத்தி சுவாதீனத்தில் இருந்தால் அவள் கையெழுத்தே போதும் என்பது ஹம்சினிக்குத் தெரியும். ஆபீசில் அதைத்தானே தினமும் பார்க்கிறாள். ஆனால் வழக்கம் என்று ஒன்று இருக்கிறதல்லவா, போகட்டும் என்று விட்டுவிட்டாள். பார்ட்டி யார், நரேன்தானே!

அங்கேதான் அவள் கணக்குத் தப்பியது. தலைப்பிரசவம் பிறந்த வீட்டுப் பொறுப்பு. சீமந்தம் முடிந்த கையோடு அவளை டாக்குரியாவுக்கு அழைத்து வந்துவிட்டார்கள். நரேன் வீடு ஆட்டோவில் போனால் இருபது நிமிஷம். அதனால் என்ன, முறை முறைதானே! ஒரு வியாழக்கிழமை விடிகாலை வலி கண்டு, நரேனும் வந்து சேர்ந்துகொண்டு, ஏழு மணிக்கு நாலு பேருமாக நர்ஸிங் ஹோம் கவுண்ட்டரில் போய் நின்றார்கள். பார்ட்டி யார் என்று கேட்டாள் கவுண்ட்டரில் இருந்த பெண். பேனாவை நரேன் பக்கம்தான் நீட்டினாள். நரேன் அரை அடி பின்னால் நகர்ந்து, பவ்யமாக மாமனாருக்கு வழிவிட்டான். ஸ்ரீனிவாசராகவன் அட்மிஷன் தாளில் பார்ட்டியாகக் கையெழுத்துப் போட்டார். மாப்பிள்ளைக்கு என்ன அடக்கம் என்று விஜயலக்ஷ்மி இன்றைக்கும் அதைச் சொல்லிச் சொல்லிப் பூரிக்கிறாள்.

பத்து மணிக்கு வலி நெருங்கி நெருங்கி வர ஆரம்பித்தது. டாக்டரம்மா பார்த்துவிட்டு, இப்போது போட்டுவிடலாம் என்றாள். மயக்க மருந்து டாக்டர் மாடியிலேயே இருந்தார். பதினொன்றரை மணிக்கு அவருக்கு வேறொரு நர்ஸிங் ஹோமில் சிசேரியன் இருந்தது. ஒன்றரை மணி நேரம் தாராளமாகப் போதும். சிஸ்டர் சம்மதப் பத்திரத்தை, வார்டில் எல்லாரும் மாஷி, அதாவது சித்தி, என்று கூப்பிடும் ஆயாவிடம் கொடுத்து, பார்ட்டியிடம் கையெழுத்து வாங்கிவரச் சொல்லிக் கீழே அனுப்பினாள்.

கீழே நடந்ததை ஹம்சினி அப்போது பார்க்கவில்லை. பிறகு ஒவ்வொருவர் வாயிலிருந்தும் துண்டு துண்டாகப் பிடுங்கித் தெரிந்துகொண்டதுதான். ஸ்ரீனிவாசராகவன் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பத்திரத்தை முதலிலிருந்து கடைசிவரை படித்தார். பாங்கில் முப்பத்தாறு வருஷம் தன் அதிகாரத்துக்கு மீறிய ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட்டறியாத மனுஷர். பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார்.

"அவாத்துப் பொண்ணு முதுகுல ஊசி குத்தறதுக்கு, அவாளை ஒரு வார்த்தை கேக்காம நான் எப்படிக் கையெழுத்துப் போடறது?"

அவாள் என்றால் யார்? எதிரே கைகட்டி நிற்கிற நரேன்தான். அவனைக் கேட்டார். நரேனுக்கு என்ன சொல்ல வேண்டும் என்று தெரியாமல் இல்லை. ஆனால் பிறந்த வீட்டார் முன்னின்று நடத்துகிற காரியத்தில், போடுங்கள் என்று தான் உத்தரவு கொடுத்தால் மாமனாரை மட்டு மரியாதை இல்லாமல் நடத்தியது போல் ஆகாதா? நீங்க பார்த்துச் செய்யுங்கோ மாமா என்றான். மாமா அதை மாப்பிள்ளை பட்டுக்கொள்ளாமல் பேசுகிறார் என்று எடுத்துக்கொண்டார். எதற்கும் சம்பந்தியிடமே கேட்டுவிடலாம் என்று விஜயலக்ஷ்மி யோசனை சொன்னாள். கல்பனாவுக்குப் போன் போட்டார்கள்.

கல்பனா ஊசிக்கு ஆதரவு என்று முன்னமே சொன்னேன். ஆனால் அது வீட்டில் உட்கார்ந்து பேசும்போது. இப்போது சம்பந்தி மனுஷாள் ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டு அனுமதி கேட்கிறார்கள். போட்டுடுங்கோ என்று பட்டென்று சொன்னால், மாட்டுப்பெண் பெற்றவர்களின் பொறுப்பில் இருக்கும்போது இங்கிருந்து நாட்டாமை பண்ணியதாக ஆகும் என்று அவளுக்குக் கவலை.

"தலைப்பிரசவம் உங்காத்துது. நீங்க எப்படி நினைக்கறேளோ அப்படியே பண்ணுங்கோ. நாங்க என்ன சொல்லப்போறோம்?"

இதைவிட மரியாதையாக யாராலும் சொல்ல முடியாது. இதைவிட மோசமாகவும் சொல்ல முடியாது. விஜயலக்ஷ்மி போனை வைத்தாள். நாங்க என்ன சொல்லப்போறோம் என்றாளே, குரலில் ஒரு மாதிரி இழுப்பு இருந்ததே, மனசில் ஏதோ வைத்துக்கொண்டுதான் பேசுகிறாள் என்று புருஷனிடம் சொன்னாள். மறுபடி போன் போட்டார்கள். கல்பனா கிளம்பி வந்துகொண்டே இருப்பதாகச் சொன்னாள். நேரில் வந்ததும் பேசிக்கொள்ளலாம், இன்னும் அரை மணி நேரம்தானே என்று எல்லாருக்கும் மனசு லேசாயிற்று. சம்பந்திகளுக்காக ப்ளாஸ்கில் காப்பி போட்டு எடுத்துக்கொண்டு கிளம்பிய கல்பனாவின் டாக்ஸி ராஷ்பெஹாரி முனையில் ஒரு ஊர்வலத்துக்குப் பின்னால் மாட்டிக்கொண்டது.

மேலே ஹம்சினி கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு கிடந்தாள். போனை உள்ளே விடவில்லை. ஆயா மாஷியை மூன்று தடவை கீழே அனுப்பினாள். பார்ட்டி யோசிக்கிறது என்று முதல் தடவை வந்து சொன்னாள். பார்ட்டி போனில் பேசுகிறது என்று அடுத்த தடவை. மூன்றாவது தடவை, பார்ட்டி ஒரு ஆளுக்காகக் காத்திருக்கிறது என்றாள். ஹம்சினி வங்காளியில் கத்தினாள்.

"பேஷண்ட் நான்தானே! பத்திரத்தைக் கொண்டு வாங்க, எத்தனை கையெழுத்து வேணும்னாலும் நானே போடறேன்."

சிஸ்டர் கோபப்படவில்லை. நெற்றி வியர்வையைத் துடைத்துவிட்டு, பச்சைக் குழந்தைக்குச் சொல்வது போலப் பொறுமையாகச் சொன்னாள்.

"உங்க கையெழுத்துதான் ஏற்கெனவே இருக்கே தீதி. உங்களுது கணக்கில்லை, பார்ட்டியோடது வரணும்."

சட்டத்தை எடுத்துச் சொல்ல ஹம்சினி வாயைத் திறந்தாள். அடுத்த வலி வந்துவிட்டது. சட்டம் தெரிந்தவளுக்கும் தெரியாதவளுக்கும் அந்த வலி ஒரே வலிதான். வேறு ஏதோ ஊசியைத் தொடையில் போட்டார்கள். தலை சுற்றிக் குமட்டியதே தவிர வலி அசையவில்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே கிடந்தாள். பதினொன்றே கால். பதினொன்று இருபத்தைந்து. மயக்க மருந்து டாக்டர் கதவருகே வந்து எட்டிப்பார்த்து, கையெழுத்து வரவில்லையா என்று கேட்டு, மணியைப் பார்த்துக்கொண்டு போய்விட்டார். அவர் செருப்புச் சத்தம் படியில் இறங்கியதை அவள் கடைசிவரை கேட்டாள். அந்த நிமிஷத்தில் உலகத்திலேயே அவள் வெறுத்தது தன் அப்பாவை. அதைச் சொல்ல அவளுக்கு இன்றைக்கும் வெட்கமில்லை.

கல்பனா பதினொன்று நாற்பதுக்கு வந்து சேர்ந்தாள். அதன்பிறகாவது சட்டென்று முடிந்ததா? நீங்க சொல்லுங்கோ, இல்லை நீங்க சொல்லுங்கோ என்று மூன்று சுற்று நடந்தது. போடறதுக்கென்ன, பேஷாப் போடுங்கோ என்று கடைசியில் கல்பனாதான் சொன்னாள். ஸ்ரீனிவாசராகவன் நீல மசியில், முழுப் பெயரும் தேதியும் போட்டு, அடியில் கோடிழுத்துக் கையெழுத்திட்டார். பதினொன்று ஐம்பது. பத்திரம் மேலே போயிற்று. வாங்கிப் பார்த்த சிஸ்டர் அதை ஃபைலில் கோத்துவைத்தாள். அப்போது மயக்க மருந்து டாக்டர் வேறெங்கோ ஒருத்தியின் முதுகில் ஊசி போட்டுக்கொண்டிருந்தார். அவர் திரும்பி வர இரண்டு மணி ஆகும். அதற்குள் எல்லாம் முடிந்துவிடும், கொஞ்சம் தைரியமாக இருங்கள் என்று டாக்டரம்மா கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் வேறென்ன செய்வாள், பாவம்.

ஒன்று இருபதுக்குப் பெண் குழந்தை பிறந்தது. நடுவில் இருந்த ஒன்றரை மணி நேரத்தைப் பற்றி ஹம்சினி யாரிடமும் பேசுவதில்லை. தையல் போட்டது கூடத் தெரியவில்லை என்று மட்டும் ஒரு தடவை சொன்னாள். குழந்தையைக் கொண்டுவந்து மார்பில் போட்டபோது, மற்ற அம்மாக்கள் சொல்கிறார்களே, எல்லாம் மறந்துபோய்விட்டது என்று, அப்படி ஒன்றும் அவளுக்கு மறக்கவில்லை. குழந்தையை அவளுக்குப் பிடித்திருந்தது. அது வேறு, இது வேறு.

சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் போன் மேல் போன் வந்தது. சுகப்பிரசவம், தாயும் சேயும் சௌக்கியம் என்று விஜயலக்ஷ்மி எல்லாருக்கும் ஒரே மூச்சில் சொன்னாள். ஊசி கீசி ஒன்றுமில்லாமல் பெற்றுவிட்டாள், நம்ப ஹம்ஸு கெட்டிக்காரி என்று இரண்டாம் நாளிலிருந்து கூடவே சேர்த்துக்கொண்டாள். நான் வேண்டும் என்று கேட்ட ஊசியை ஏன் போடவிடவில்லை என்று மூன்றாம் நாள் ஹம்சினி பொறுக்கமாட்டாமல் கேட்டேவிட்டாள். விஜயலக்ஷ்மிக்கு நிஜமாகவே புரியவில்லை. கண் கலங்கிவிட்டது.

"யாருமே வேண்டாம்னு சொல்லலையேடி. எல்லாரும் உனக்காகத்தானே அங்க நின்னுண்டிருந்தோம்."

திட்டுவதற்கு ஒரு ஆள் அகப்பட்டால்கூட ஹம்சினிக்கு மனசு ஆறியிருக்கும். அப்பாவிடம் கேட்டால், சம்பந்தி மனசு நோகக்கூடாதே என்பார். அதுவும் நியாயம்தான். மாமியாரைக் கேட்டால், உங்காத்து மனுஷாளை மீறிச் சொல்லலாமா என்பாள். அதுவும் நியாயம்தான். இத்தனை நியாயத்துக்கும் நடுவில் அவள் ஒருத்திதான் கம்பியைப் பிடித்துக்கொண்டு கதறியது.

பதினோராம் நாள் தீட்டுக் கழிக்கும் புண்யாஹவாசனத்துக்கு இரண்டு வீட்டாரும் டாக்குரியாவில் கூடினார்கள். எங்களை ஒரு வார்த்தை கேக்காம ஒரு காரியம் பண்ணலை, உங்களை மாதிரி சம்பந்தி கிடைக்கணுமே என்று கல்பனா சொன்னாள். விஜயலக்ஷ்மி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். ஹம்சினி குழந்தையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். தாய்க்கு அசதி என்று எல்லாரும் சொல்லிக்கொண்டார்கள்.

சாயங்காலம் எல்லாரும் போன பிறகு நரேன் அறைக்குள் வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தான். ஏன் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை என்று தயங்கித் தயங்கிக் கேட்டான். இனிமேல் எது வேண்டுமானாலும் சொல், செய்கிறேன் என்றான். போன வருஷம் அவனுக்கு ஹெர்னியா ஆபரேஷன் நடந்ததும் அதே நர்ஸிங் ஹோமில்தான். அவனுக்கும் முதுகில்தான் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்தார்கள். அந்தச் சமயம் அவள் மருந்துக்கடை வரிசையில் நின்றுகொண்டிருந்தாள். திரும்பி வருவதற்குள் அவனை உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். க்ளெய்ம் காகிதங்களை அவள்தான் ஒழுங்கு செய்தாள். அதில் எதைப் பார்த்தோம் என்பது அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. இருந்தாலும் அவன் வாயாலேயே கேட்கவேண்டும் போல் இருந்தது.

"ஹெர்னியாவுக்கு ஊசி போட்டப்போ, பத்திரத்துல யார் கையெழுத்துப் போட்டா?"

நரேன் யோசித்தான்.

"நான்தான். ரெண்டு கோட்டுலயும் என்னையே போடச் சொன்னா, போட்டேன்."

"போடறதுக்கு முன்னாடி யாரைக் கேட்டே?"

"யாரையும் கேக்கலையே," என்றான் நரேன். "என் முதுகுதானே, அதுல கேக்கறதுக்கு என்ன இருக்கு?"

சொல்லி முடித்த பிறகுதான் சொன்னது அவனுக்கே காதில் விழுந்தது. ஹம்சினி குழந்தையை மறுபக்கம் மாற்றி விட்டுக்கொண்டு, சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தாள்.